பிக் வெச்சு வாசிக்கிறவன்

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. தள்ளிப்போட்டதற்குக் காரணம் பாதி சோம்பேறித்தனம், பாதி வெட்கம். வெட்கம் எதுக்குன்னு நடுவில் சொல்கிறேன். முதலில் விரல் கதை.

போன வருஷம் ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது வலது கை நடுவிரல் மடங்கி அப்படியே நின்றுவிட்டது. இடது கையால் பிடித்து இழுத்தால் 'டக்'கென்று ஒரு சத்தத்தோடு நிமிர்ந்தது. துப்பாக்கிக் குதிரையை இழுத்து விட்ட மாதிரி. டாக்டர் பார்த்ததும் 'ட்ரிக்கர் ஃபிங்கர்' என்றார். பேரே அதுதானாம். விரலை மடக்குகிற நரம்புநாண் அதன் உறைக்குள் வீங்கிப்போய்ச் சிக்கிக்கொள்கிறது. ஒரு ஊசி போட்டார். கொஞ்சம் தேவலை. "விரலுக்கு என்ன வேலை கொடுக்கறீங்க?" என்று கேட்டார். "பேஸ் கிடார் சார்" என்றேன். "அதைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

குறைச்சுக்கோங்க! நான் ஒன்றும் மேடைக் கலைஞன் இல்லை. ஆபீஸ் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வாசிக்கிற ஆள். ராஜா பாட்டுகளில் அடியில் ஓடுகிற பேஸைக் கேட்டுக் கேட்டு இந்த வாத்தியத்தின் மேல் பைத்தியம் பிடித்தவன். அந்த ஒரு மணி நேரமும் போனால் மிச்சம் என்ன இருக்கு?

பேஸ் வாசிக்காதவர்களுக்காக ஒரு வரி. பேஸ் கிடாருக்கு நாலு கம்பி. கனத்ததிலிருந்து மெல்லியதுவரை இ, ஏ, டி, ஜி. சாதாரண கிடாரின் கனமான நாலு கம்பிகளைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி நடப்பதுபோலக் கம்பியைத் தட்டுவது ஒரு முறை. கிடாருக்குப் பிடிக்கிற அந்த முக்கோண வில்லையை, அதாவது பிக்கை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து அடிப்பது இன்னொரு முறை. எனக்கு முதல் முறைதான் தெரியும். அதில் இப்போது ஒரு கால் நொண்டி.

ஒரே விரலால் வாசித்துப் பார்த்தேன். மோட்டவுன் கம்பெனியின் பாட்டுகளுக்கெல்லாம் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டுதான் 60களில் அத்தனை அற்புதமும் செய்தார். அந்த விரலுக்கு 'கொக்கி' என்று பட்டப்பெயரே உண்டு. ஒரு வாரம் முயன்றபிறகு ஓர் உண்மை தெரிந்தது. அவர் ஜேமர்சன். நான் நான் :-)

மிச்சமிருந்தது பிக். அங்கேதான் வெட்கம் வருகிறது.

*

1996, திருச்சியில் கல்லூரி இரண்டாம் வருஷம். கலைவிழாவுக்கு பேண்டு சேர்க்கிறார்கள். பேஸுக்கு ரெண்டு பேர் வந்திருந்தோம். நானும், பக்கத்து ஹாஸ்டல் பையன் ஒருத்தனும். அவன் பேர் வேண்டாம், நண்பன் என்றே வைத்துக்கொள்வோம். அன்றைக்கு அவன் வாசித்துக் காட்டியது பிங்க் ஃபிளாய்டின் 'மனி' பாட்டு பேஸ். பிக் வைத்து வாசித்தான். நன்றாகவே வாசித்தான். அது எனக்குத் தெரிந்ததுதான் பிரச்சினை.

அப்போது எங்களுக்கெல்லாம் தெய்வம் ஜேக்கோ பாஸ்டோரியஸ். அவருடைய 1976 ஆல்பத்தின் கேசட் நகல் ஒன்று ஹாஸ்டலில் கை மாறிக் கை மாறித் தேய்ந்துபோயிருந்தது. விரலால் அவர் செய்கிற மாயத்தைக் கேட்டபிறகு பிக் என்பது ஏதோ குழந்தை நடைவண்டி மாதிரி தோன்றும். அந்தத் திமிரில், எல்லார் முன்னாலும் சொன்னேன். "பிக் வெச்சு வாசிக்கிறவன்லாம் பேஸிஸ்ட் இல்லடா. கிடார் கெடைக்காதவன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பேண்டில் இடம் எனக்குக் கிடைத்தது. அடுத்த செமஸ்டரில் அவன் பேஸை விற்றுவிட்டதாக யாரோ சொன்னார்கள். என்னால்தான் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆக, போன வருஷம் பிக்கை எடுத்தபோது எந்தப் பாட்டைக் கற்றுக்கொள்வது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

*

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதையாவது கற்க ஆரம்பித்தால் வாசிப்பதைவிட அதைப் பற்றிப் படிப்பதுதான் அதிகம் நடக்கும். "பிக் வைப்பது சரியான முறை அல்ல" என்று அன்றைக்கு அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேனே, அது எங்கேயிருந்து வந்தது என்று தேடினேன். தேடத்தேட என் மூஞ்சியில் நானே கரி பூசிக்கொண்ட மாதிரி ஆச்சு.

1951ல் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்கிற ஊரில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்கிற வாத்தியத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை பேஸ் என்றால் ஆளுயரத்துக்கு நின்றுகொண்டு வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி ஒன்று. தூக்கிச் செல்வதும் கஷ்டம், டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவே கேட்பதும் கஷ்டம். லியோ அதைக் கிடார் மாதிரி தோளில் மாட்டுகிற பலகையாக்கி, மின்சாரம் கொடுத்து, ஃப்ரெட்டும் போட்டுவிட்டார். ஃப்ரெட் இருந்தால் சுரம் பிசகாது, அதனால்தான் 'பிரிசிஷன்'.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி என்னவென்றால், அந்த ஆரம்பகால பேஸ்களில் கம்பிகளுக்குக் கீழ்ப்பக்கம் சின்னதாக ஒரு கட்டை திருகியிருக்கும். விரல்களை அதில் கொக்கி போல மாட்டிக்கொண்டு *கட்டைவிரலால்* வாசிப்பதற்காக! லியோ மனதில் வைத்திருந்த முறை அது. கிட்டத்தட்ட 20 வருஷத்துக்கு மேல் அந்தக் கட்டை அந்தப் பக்கமே இருந்து, 1974 வாக்கில்தான் மேலே நகர்ந்தது. ஆக, நான் 'ஆதி மரபு' என்று மார்தட்டிய ரெண்டு விரல் நடையும் அந்த வாத்தியத்தைச் செய்தவர் நினைத்த முறை இல்லை. பெரிய பேஸ் வாசித்தவர்கள் அங்கிருந்து கொண்டுவந்த பழக்கம்.

அப்போ பிக்கை யார் கொண்டுவந்தது? கிடார்காரர்கள்.

நாஷ்வில்லில் 50களின் கடைசியிலும் 60களிலும் ஒரு வேலை செய்தார்கள். பெரிய பேஸ் வாசிக்கிற அதே சுரங்களை, கூடவே ஒரு கிடார்காரர் ஆறு கம்பி பேஸில், உள்ளங்கையால் கம்பியை அமுக்கிக்கொண்டு பிக்கால் 'டிக் டிக்'கென்று அடிப்பார். டேன்எலெக்ட்ரோ கம்பெனி 1956லேயே அந்த ஆறு கம்பி பேஸை விற்க ஆரம்பித்திருந்தது. இந்த முறைக்கே 'டிக் டாக் பேஸ்' என்று பேர். அன்றைய ரேடியோக்களின் குட்டி ஸ்பீக்கரில் பெரிய பேஸின் அடிநாதம் கேட்காது. பிக் படுகிற அந்த 'டிக்' மட்டும் கேட்கும். மிச்சத்தை நம் காது நிரப்பிக்கொள்ளும். டீக்கடை ரேடியோவில் பாட்டுக் கேட்ட யாருக்கும் இது புரியும்.

அடுத்து லாஸ் ஏஞ்சலஸ். கேரல் கே என்கிற பெண்மணி. 1935ல் பிறந்தவர், ஜாஸ் கிடார் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர். 1963ல் கேபிடல் ஸ்டூடியோவில் ஒரு ரிக்கார்டிங்குக்கு பேஸ்காரர் வரவில்லை. இருந்தவர் இவர், "நீ எடு" என்று கொடுத்துவிட்டார்கள். கையில் கிடார் பிக். அதையே வைத்து வாசித்தார். கம்பிகள் ரீங்கரிக்காமல் இருக்க பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு கம்பளித் துண்டைக் கம்பிகள் மேல் ஒட்டிக்கொண்டார். அந்தச் சத்தம் தயாரிப்பாளர்களுக்குப் பிடித்துப்போய், அதற்கப்புறம் பத்து வருஷத்தில் ஆயிரக்கணக்கான ரிக்கார்டிங். பீச் பாய்ஸின் 1966 ஆல்பம் 'பெட் சவுண்ட்ஸ்' உட்பட. அட்டையில் பேர் வராது, கூலி வரும். 2025ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்ப்பதாக அறிவித்தபோது, நான் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். தொண்ணூறு வயசில் அந்தத் தெனாவட்டு இருக்கிறதே!

1961ல் ஹாம்பர்க். பீட்டில்ஸின் பேஸ்காரர் ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் ஓவியம் படிக்கப் போகிறேன் என்று விலகுகிறார். பேஸ் யாருக்கும் இஷ்டமில்லாத வேலை. கடைசியில் கிடாரும் பியானோவும் வாசித்துக்கொண்டிருந்த பால் மெக்கார்ட்னி தலையில் விழுகிறது. அந்த ஊரிலேயே வயலின் உருவத்தில் ஒரு ஹோஃப்னர் பேஸ் வாங்குகிறார். இடதுகைக்காரருக்கு அது தலைகீழாகப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது என்பதும் ஒரு காரணம். வாசித்தது பெரும்பாலும் பிக் வைத்துத்தான்.

லண்டனில் ரோஜர் வாட்டர்ஸ். ரீஜண்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படிக்க வந்தவர். அங்கே கூடப் படித்த நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் ஆகியோரோடு பேண்டு சேர்க்கிறார். வாட்டர்ஸ் முதலில் லீட் கிடார். தன்னைவிட நன்றாக வாசிக்கிற ஆள் வந்ததும் ரிதம் கிடார். இன்னொருத்தரும் வந்ததும் பேஸ். வரிசையாகப் பின்பெஞ்சுக்குத் தள்ளப்பட்ட கதை.

இப்போ நான் 1996ல் சொன்னதை ஒருமுறை மேலே போய்ப் படித்துவிட்டு வாருங்கள். "கிடார் கெடைக்காதவன்." கேரல் கே, மெக்கார்ட்னி, வாட்டர்ஸ்... எல்லாரும் ஏதோ ஒரு நாளில் கிடாரை விட்டு பேஸுக்குத் தள்ளப்பட்டவர்கள். நான் திட்டாகச் சொன்னது பூராவும் உண்மை. அந்தத் தள்ளிவிடப்பட்ட கூட்டம்தான் 60களின் பாட்டுச் சத்தத்தையே மாற்றியது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாமல் போச்சு.

சத்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, சொல்லாமல் போனால் தப்பு. அந்தக் காலக் கம்பிகளின் மேற்பரப்பு வழவழவென்று தட்டையாக இருக்கும். 1966ல் 'தி ஹூ' பேண்டின் ஜான் என்ட்விஸில் லண்டனின் ரோட்டோசவுண்ட் கம்பெனியோடு உட்கார்ந்து, உருண்டைக் கம்பி சுற்றிய ஸ்ட்ரிங்கைச் செய்யவைத்தார். பியானோ மாதிரி கணீரென்று ஒலிப்பது. அதன் மேல் பிக் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 'யெஸ்' பேண்டின் கிறிஸ் ஸ்குவையர் (1948-2015) சாட்சி. அவர் பிக்கை விளிம்பு கொஞ்சமே தெரிகிற மாதிரி பிடிப்பார். பிக் பட்ட உடனே கட்டைவிரல் ஓரமும் கம்பியில் உரசும். 1971ல் வந்த 'ரவுண்டபவுட்' பாட்டைக் கேட்டால் பேஸ் முன்னால் வந்து நின்றுகொண்டு "நான்தான் இங்கே" என்று சொல்வது கேட்கும். அது என் அடுத்த இலக்கு. இந்த ஜென்மத்திலா என்று தெரியவில்லை.

பிக்கைப் பற்றியும் ரெண்டு வரி. ஆதியில் நல்ல பிக் என்றால் ஆமை ஓடு. சாதாரண ஆமை இல்லை, அழுங்காமை. நம் மன்னார் வளைகுடாவிலும் இருப்பதுதான். 1922ல் நியூயார்க்கில் லூயிஜி டி'ஆண்ட்ரியா என்பவர் செல்லுலாய்டில் பிக் வெட்டி விற்க ஆரம்பித்தார். 70களில் அழுங்காமை வியாபாரத்துக்கு உலக அளவில் தடை வந்தபிறகு ஓடு போயே போச்சு. அதே உணர்வைத் தருகிற பிளாஸ்டிக்கைத் தேடினார்கள். டன்லப் கம்பெனி 1981ல் கொண்டுவந்த 'டார்டெக்ஸ்' அதில் ஒன்று. பேரிலேயே ஆமை ஒளிந்திருக்கிறது பாருங்கள். கனத்துக்கு ஒரு கலர். மஞ்சள் 0.73 மில்லிமீட்டர், பச்சை 0.88, நீலம் 1.0. நான் வாங்கியது மஞ்சள். அதுதான் கடையில் இருந்தது.

*

'மனி' 1973 மார்ச்சில் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் இருக்கிறது. லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் 1972லிருந்து பதிவானது. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 700 வாரத்துக்கும் மேல் இருந்த ஆல்பம். சிங்கிளாக வந்த 'மனி' அங்கே 13ஆவது இடம்வரை போனது. பணத்தைக் கிண்டல் செய்த பாட்டு அந்த பேண்டுக்குக் கொட்டிக் கொடுத்த பணத்தை நினைத்தால் சிரிப்பாகத்தான் வருகிறது.

பாட்டு ஆரம்பிக்கும்போது பேஸ் வராது. சில்லறை, கல்லாப்பெட்டி, காகிதம் கிழிகிற சத்தம், எல்லாம் ஒரு தாளத்தில் வரும். இன்றைக்கு கம்ப்யூட்டரில் ரெண்டு நிமிஷ வேலை. அன்றைக்கு டேப். வாட்டர்ஸ் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் செய்தது. அவர் மனைவி மண்பாண்டக் கலைஞர். களிமண் குழைக்கிற பெரிய மிக்சர் பாத்திரத்தில் சில்லறையை அள்ளி வீசி ஒலிப்பதிவு செய்தார்களாம். அப்புறம் ஒவ்வொரு சத்தத்தையும் ஸ்கேல் வைத்து ஒரே நீளத்துக்கு அளந்து, டேப்பை பிளேடால் வெட்டி, ஏழு துண்டை ஒட்டி ஒரு வளையமாக்கினார்கள். ஸ்டூடியோவில் அந்த வளையம் தொங்காமல் இருக்க ஒரு மைக் ஸ்டாண்டைச் சுற்றி ஓடவிட்டார்கள். என்ஜினியர் ஆலன் பார்சன்ஸ்.

ஏழு துண்டு. அதுதான் விஷயம். ராக் பாட்டு என்றால் நாலு தட்டு, எப்போதும் நாலு. இது 7/4. வாட்டர்ஸ் எழுதிக்கொண்டு வந்த பேஸ் வரி ஏழு தட்டுக்குள் எட்டு சுரம்.

கம்பியில் எங்கே என்று சொல்கிறேன், வாசிக்கிறவர்கள் கையை வைத்துப் பாருங்கள். ஏ கம்பியில் 2ஆவது ஃப்ரெட், அது பி. ரெண்டாவது தட்டில் ரெண்டு சுரம்: ஜி கம்பி 4ஆவது ஃப்ரெட் (மேல் ஸ்தாயி பி), உடனே டி கம்பி 4ஆவது ஃப்ரெட் (எஃப் ஷார்ப்). மூன்றாவதுக்கு மறுபடி ஏ கம்பி 2. நாலாவது இ கம்பி 2, கீழ் எஃப் ஷார்ப். ஐந்து, ஏ கம்பி சும்மா. ஆறு, ஏ கம்பி 2. ஏழு, அதே கம்பி 5, அது டி. அவ்வளவுதான். கடைசி சுரத்தை டி கம்பியைச் சும்மா தட்டியும் எடுக்கலாம், ஆனால் அது அடங்காமல் கத்திக்கொண்டே இருக்கும்.

பார்க்க எட்டுப் புள்ளிக் கோலம் மாதிரி எளிது. பிக்கோடு வாசித்தால் தெரியும் சேதி.

விரலில் வாசிக்கும்போது ஏ கம்பியிலிருந்து ஜி கம்பிக்குத் தாவுவது ஒன்றுமே இல்லை. ஒரு விரல் இங்கே, இன்னொரு விரல் ஏற்கனவே அங்கே காத்திருக்கும். பிக் ஒன்றே ஒன்று. நடுவில் இருக்கிற டி கம்பியைத் தொடாமல் தாண்டிப் போய், அடித்து, உடனே ஒரு கம்பி திரும்பி, மறுபடி ஒன்று திரும்பி, இன்னும் ஒன்று திரும்பி... முதல் வாரம் பூராவும் டி கம்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மாற்றி மாற்றி அடிப்பதுதான் முறை என்று எல்லா பாடத்திலும் சொல்லியிருந்தார்கள். அப்படி அடித்தால் ஜி-க்கு அப்பால் இறங்கிய பிக், டி-யை மேல்நோக்கி அடிக்க மறுபடி ஜி-யைத் தாண்டி வர வேண்டும். வரவே இல்லை.

பத்து நாள் கழித்துக் கோபத்தில் எல்லாவற்றையும் கீழ்நோக்கியே அடித்தேன். வந்தது! வேகம் ஒன்றும் பிரமாதமில்லாத பாட்டு, நிமிஷத்துக்கு 120 தட்டு சொச்சம். எட்டு சுரத்தையும் ஒரே திசையில் அடிக்க நேரம் இருக்கிறது. எல்லா சுரத்துக்கும் ஒரே கனமும் கிடைத்தது. விரலில் எனக்கு எப்போதும் நடுவிரல் சுரம் ஒரு மாற்று கம்மியாகத்தான் விழும். அதை முப்பது வருஷமாக 'ஃபீல்' என்று சொல்லி ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்தது தாளம். சுரம் வந்தது, ஏழு வரவில்லை. நாலு நாலாக எண்ணிப் பழகிய கால், ஏழாவதுக்கு அப்புறம் ஒரு எட்டாவதைத் தேடிக்கொண்டு போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். சின்ன வயசில் பதினோரு வருஷம் வீணை கற்றவள். நான் ஒன்று, ரெண்டு என்று உரக்க எண்ணி மூச்சுத் திணறுவதைக் கேட்டுவிட்டு ரூமுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னடா பண்ற?"

"ஏழு தட்டுக்கா. வெள்ளைக்காரப் பாட்டு. ரொம்பக் கஷ்டம்."

"ஏழுன்னா மிஸ்ர சாபு. இதுக்கா இவ்ளோ அலட்டல்?" என்று கையைத் தட்டி "தகிட தகதிமி" என்று போட ஆரம்பித்தாள்.

எனக்கு ரொம்ப நேரம் வாய் மூடவில்லை. தகிட, மூன்று தட்டு: பி-யிலிருந்து மேலே தாவி பி-க்கே திரும்புகிறது. தகதிமி, நாலு தட்டு: கீழேயிருந்து படி ஏறுகிறது. எஃப் ஷார்ப், ஏ, பி, டி. அக்கா பாஷையில் ச, மேல் ச, ப, ச, பிறகு கீழ் ப, நி, ச, க. வாட்டர்ஸுக்கு மிஸ்ர சாபு தெரிந்திருக்கும் என்றெல்லாம் நான் கதை விடப்போவதில்லை. அவர் ஏழு என்று தீர்மானித்து உட்கார்ந்து எழுதியதாகவும் தெரியவில்லை. வரி அப்படி வந்தது, அவ்வளவுதான். ஆனால் என் காலுக்கு அன்றைக்கு வழி கிடைத்தது. ஒரு எச்சரிக்கை மட்டும்: சாபுவை நேராகப் போட்டால் பாட்டு வராது. ரெண்டாவது தட்டின் ரெண்டு சுரமும் சரிபாதி இல்லை. ப்ளூஸ் நடை. முதல் சுரம் நீண்டு அடுத்தது ஓரத்தில் இடிக்கும்.

போகிறபோது அக்கா என் பிக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க டீச்சர் விரல்ல கம்பி மாட்டினா திட்டுவாங்க. நகத்துலதான் மீட்டணும்பாங்க. பக்கத்துத் தெரு டீச்சர் கம்பி இல்லாம வாசிக்கவே விடமாட்டாங்க. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது." ஊருக்கு ஊர் என்னை மாதிரி ஒரு ஆள் இருந்திருக்கிறார்கள் போல.

பாட்டின் நடுவில் டிக் பாரியின் சாக்ஸஃபோன் முழுக்க அந்த ஏழிலேயே போகும். டேவிட் கில்மோரின் கிடார் சோலோ வரும்போது மட்டும் பேண்டு மொத்தமும் 4/4க்குத் தாவிவிடும். கிடார்காரர் தனக்கு மட்டும் வசதி செய்துகொண்டார் என்று சாக்ஸஃபோன்காரர்கள் இன்றைக்கும் கறுவலாம். சோலோ முடிந்து ஏழுக்குத் திரும்புகிற இடம் இருக்கிறதே, அங்கே நான் இன்னும் வழுக்கி விழுகிறேன். இன்னொன்று, மெட்ரோனோம் வைத்துக்கொண்டு ஒரிஜினலோடு வாசிக்காதீர்கள். ஆரம்பத்தில் இருந்த வேகம் போகப்போகக் கூடிவிடும். மனுஷர்கள் வாசித்தது.

1981ல் இந்தப் பாட்டையே மறுபடி பதிவு செய்ய வேண்டிய நிலை வந்தது. அமெரிக்காவில் உரிமை வைத்திருந்த கேபிடல், ஒரு தொகுப்பு ஆல்பத்துக்காகப் பாட்டைக் கொடுக்க மறுத்துவிட்டது. கில்மோர் சாக்ஸஃபோன் தவிரக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும், பேஸையும் சேர்த்து, தானே வாசித்து முடித்தார். ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறேன். கில்மோருடையது சுத்தம். வாட்டர்ஸுடையது முரடு. எனக்கு முரடுதான்.

*

மூன்று மாசத்தில் பாட்டு வந்தது, ஒரு குறையோடு. மஞ்சள் பிக்கின் நுனி கம்பியில் படும்போது 'டிக்' மட்டும் வந்து அடியில் சதையே இல்லாமல் இருந்தது. பச்சை வாங்கினேன், நீலம் வாங்கினேன், கம்பளித் துண்டு ஒட்டிப் பார்த்தேன். ம்ஹூம்.

அப்புறம் செய்ய வேண்டியதைச் செய்தேன். கல்லூரி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் அவன் நம்பர் எப்போதும் இருந்தது. கோயம்புத்தூரில் ஹார்டுவேர் கடை. கூப்பிட்டேன். நலம் விசாரித்து, பிள்ளைகள் படிப்பு விசாரித்து, மழை விசாரித்து, அதற்குமேல் விசாரிக்க ஒன்றும் இல்லாமல் போனதும் சொன்னேன். "மனி கத்துக்கிட்டு இருக்கேன். பிக் வெச்சு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கடைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ அரை இஞ்சு நட்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும், தெரியும்," என்றான். "எந்தப் பிக்?"

"நீலம். ஒரு மில்லிமீட்டர்."

"நுனியிலயா அடிக்கிற?"

"ஆமா."

"திருப்பிப் பிடி. மேல ரெண்டு மூலை உருண்டையா இருக்கும்ல, அதுல ஒண்ணை வெச்சு அடி. இரு, கஸ்டமர் வந்திருக்காரு" என்று வைத்துவிட்டான்.

அன்று ராத்திரி திருப்பிப் பிடித்தேன். அடி வயிற்றிலிருந்து வந்தது சத்தம். போனிலேயே பதிவு செய்து அவனுக்கு அனுப்பினேன். மறுநாள் மத்தியானம்வரை ரெண்டு நீல டிக் மட்டும் இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு பதில் வந்தது.

"நாலாவது தட்டு லேட்."